முடிச்சுக் கழிவு

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிஸ்தாரின் கடை.
சைக்கிள் டியூப், எலிப்பொறி, குடைக்கம்பி,
அதற்கும் மேலே ஆணியில்
தங்கூசிச் சுருள்கள்.
"வலையென்றால் தடை, தூண்டிலுக்கு ஒருத்தனும் கேட்கமாட்டான்"
என்றார், நான் கேட்காமலே.

புள்ளி இரண்டு எட்டா, புள்ளி மூன்று ஐந்தா?
மெல்லியது தூரம் போகும்.
மவுசாகலைக் காற்றைக் கிழித்துக்கொண்டு
ஈயக்குண்டு விழும் இடம் கண்ணுக்கே தெரியாது.
ஆனால் நீருக்கடியில் பழைய கடைத்தெருவின் படிக்கட்டு.
கெண்டைக்கு அந்தப் படிகள் தெரியும்.
கொக்கி பட்டதும் நேரே அங்கேதான் ஓடும்.
போன வருஷம் என் நூலைக்
கருங்கல் விளிம்பில் தேய்த்துத் தேய்த்தே அறுத்தது,
கடன்பட்டவன் தன் கையெழுத்தைச் சுரண்டுவது மாதிரி.
எனவே தடித்தது.

நிறம்?
மழை விட்ட வாரம், ஏரி முழுக்கச் சாயத்தண்ணி.
எனவே மண்ணிறம்.

நிஸ்தார் ஒரு முழம் இழுத்துக் காட்டினார்.
நீண்டது, விட்டதும் சுருங்கியது.
"பின்னல் நூலுக்கு இந்தக் குணம் இல்லை.
மீன் உதறினால் உதடு கிழிந்துவிடும்."
நகத்தால் வழித்துப் பார்த்தேன்,
சுருளை விட்டு வந்தும் சுருளாகவே நின்றது.
எத்தனை வெயில் பார்த்ததோ அந்த ஆணியில்.
முகம் கோணாமல்
மேசைக்கடியில் பெட்டியைத் திறந்து இன்னொன்று எடுத்தார்.
அட்டையில்: பத்து கிலோ தாங்கும்.

அட்டையை நம்புகிற வேலையில் நான் இல்லை.
தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவன்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
தினம் முப்பது பேருக்குக் கழித்து எழுதுகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை மடுவத்தைத் திறந்து
தராசுக் கொக்கியில் தங்கூசியைக் கட்டினேன்.
கீழ்முனையில் வாளி. வாளிக்குள் கல்.
ஏழு.
ஏழரை.
எட்டில்
டப்.
அறுந்தது நடுவில் அல்ல, முடிச்சில்.

பீலிக்குத் துணியோடு போன சாந்தமேரி
வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பத்துன்னு போட்டிருக்கே, ரெண்டு எங்க போச்சு?"
"முடிச்சுக்குப் போச்சு."
"எங்களுக்கு எங்க போட்டிருக்கீங்க முடிச்சு?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

பிறகு துணி வாளியைக் கீழே வைத்தாள்.
நுனியை என் கையிலிருந்து வாங்கி
ஐந்து சுற்றுச் சுற்றி, நாக்கில் வைத்து நனைத்து,
மெதுவாக இறுக்கினாள்.
"காய்ஞ்ச முடிச்சு இறுக்கையில சூடேறி வெந்துரும்."
நீர்கொழும்பில் வீட்டுவேலைக்கு இருந்தபோது
கடற்கரையில் பார்த்ததாம்.
எட்டு. எட்டரை. ஒன்பது தாண்டி
ஒன்பதே கால்.
கல்லைக் கொட்டிவிட்டு, அவள் பாட்டுக்குப் போனாள்.

ஈரத்துக்குக் கழித்தே பழகிய கை எனக்கு.
ஈரம் கூட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

மாலையில் மூன்று மணிநேரம்,
அவித்த சோளம், ரொட்டி மாவு, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி.
இருட்டும் நேரம் ஒன்று பிடித்தது.
நினைத்தபடியே படிகளை நோக்கி ஓடியது.
தங்கூசி நீண்டது, நீண்டுகொண்டே யோசித்தது,
பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் என் பக்கம் வந்தது.
நாலு கிலோ இருக்கும்.
நிறுக்கவில்லை.

திங்கட்கிழமை மழை.
வரிசையில் படங்கும் கூடையும் சொட்டிக்கொண்டு நின்றன.
தராசுக் கொக்கியில் ஒரு விரற்கடைத் தங்கூசி
இன்னும் தொங்கியது, அவள் போட்ட முடிச்சோடு.
அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை.

அவள் முறை வந்தது.
பதினொன்று என்றது முள்.
துண்டில் என் முகத்தைப் பார்க்காமல்
முள்ளைப் பார்த்தாள்.

பேனா மூடியைத் திறந்தேன்.